இழுத்துவிட்டால் எவ்வளவு திரும்பும்?

ஆரணிக்கு ஊருக்கு வெளியே இரண்டு பெயர் உண்டு. ஒன்று அரிசிக்கு, இன்னொன்று பட்டுக்கு. அரிசி ஆலைகளைத் தாண்டி உள்ளே போனால், சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தறிச் சத்தம். இந்தப் பக்கத்துக் குழித்தறியில் நெய்கிறவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கலாம். இரவு வேலையை முடித்து எழும்போது பாவை, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல்களை, கொஞ்சம் தளர்த்திவிட்டுப் போவார்கள். காலையில் வந்து மறுபடி இழுத்துக் கட்டுவார்கள். ராத்திரி பூராவும் இழுத்தபடியே கிடந்தால் நூல் தொய்ந்துவிடும், அவ்வளவுதான் விளக்கம்.

எடை எதுவும் கூடவில்லை. யாரும் தொடவில்லை. சும்மா இழுபட்டுக் கிடந்த நூல் ஏன் தொய்ய வேண்டும்? இதே கேள்வி 1830களில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஓர் இயற்பியலாளரைப் படுத்தியெடுத்தது. அவரும் கையில் வைத்திருந்தது பட்டு நூலைத்தான்.

அவர் பெயர் வில்ஹெல்ம் வெபர். கணித மேதை காஸுடன் சேர்ந்து பூமியின் காந்தப்புலத்தை அளந்துகொண்டிருந்தார். ஒரு காந்தத்தை நூலில் தொங்கவிட்டு, அது எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். மெல்லியதாகவும் பலமானதாகவும் முறுக்கு இல்லாததாகவும் ஒரு நூல் வேண்டுமென்றால், பட்டுக்கூட்டிலிருந்து உருவிய இழையை விட்டால் அந்தக் காலத்தில் வேறு கதியில்லை. ஆனால் அந்த இழை சொன்னபடி கேட்கவில்லை. எடையைத் தொங்கவிட்டதும் கொஞ்சம் நீண்டது. சரி, எல்லா இழையும் நீளும். ஆனால் அதோடு நிற்காமல் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போனது. எடையை எடுத்ததும் சட்டென்று ஒரு பகுதி சுருங்கியது, மீதி நிதானமாகத் திரும்பி வந்தது. பட்டு நூலின் மீள்தன்மை பற்றிய கட்டுரையை வெபர் 1835இல் வெளியிட்டார். ராபர்ட் ஹூக் 1678இல் சொன்ன விதியில் இழுப்புக்கும் நீட்சிக்கும்தான் கணக்கு, காலத்துக்கு இடமே கிடையாது. காலத்தையும் கணக்கில் சேர்க்க வைத்தது பட்டு. ரப்பர், பிளாஸ்டிக், தசைநார், பிசின் என்று இன்று பெரிதாக வளர்ந்துவிட்ட ஒரு துறையின் தொடக்கம் அந்தக் கட்டுரை.

வெபர் பார்த்த இரண்டோடு இன்னொன்றையும் சேர்த்து, நீட்சியை மூன்று கணக்காகப் பிரித்துக்கொள்ளலாம். இழுத்துவிட்டால் ஒரு பங்கு உடனே திரும்பும். ஒரு பங்கு மெல்லத் திரும்பும். ஒரு பங்கு திரும்பவே திரும்பாது. உலகத்தில் எந்தப் பொருளை இழுத்தாலும் நீட்சி இந்த மூன்றாகத்தான் பிரியும். எந்தக் கணக்கில் எவ்வளவு என்பதுதான் பொருளுக்குப் பொருள் மாறும்.

பட்டு நூல் ஒரு மீட்டர் எடுத்துக்கொள்வோம். இரண்டு சென்டிமீட்டர் வரை, அதாவது சுமார் 2 சதவீதம் வரை, இழுத்துவிட்டால் பெரும்பகுதி உடனே திரும்பிவிடும். அதற்கு மேல் போனால் நூல் இளகிக்கொடுக்கத் தொடங்கும். குறைந்த விசைக்கே அதிகம் நீளும். 15, 20 சென்டிமீட்டர் நீண்டதும் அறுந்துவிடும். நடுவில் பத்து சென்டிமீட்டரில் விட்டால் பாதி வழிதான் திரும்பிவரும். நெசவாளியின் சாமர்த்தியம் இந்த முதல் இரண்டு சென்டிமீட்டருக்குள் பாவை வைத்திருப்பதில் இருக்கிறது. பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். சில இழைகள் மட்டும் எல்லை தாண்டிப் போய்விட்டால் அவை தொங்கும், நாடா போகும் வழியில் சிக்கும், துணியில் கோடு விழும்.

இரண்டு சதவீதத்தில் அப்படி என்ன நடக்கிறது? பட்டின் புரதத்துக்கு ஃபைப்ராயின் என்று பெயர். அமினோ அமிலங்களிலேயே சிறியவையான கிளைசின், அலனின், செரின் மூன்றும் மாறிமாறி வரும் நீண்ட சங்கிலி. சிறியவை என்பதால் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று இடைவெளியில்லாமல் படுக்க முடிகிறது. அப்படிப் படுத்த தாள் தாளான இடங்கள் படிகங்கள். மார்ஷ், கோரே, லைனஸ் பாலிங் மூவரும் 1955இல் இந்த அடுக்கை விளக்கினார்கள். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எதில் முடியாது என்று 1963இல் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் அவரது குழுவும். அந்தப் படத்தின் இடது மேல் மூலையில்தான் பட்டின் தாள் அமைப்பு உட்கார்ந்திருக்கிறது. ஆரணியிலிருந்து பேருந்தேறினால் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரில் போட்ட படம் இன்றும் உலகமெங்கும் உயிர்வேதியியல் பாடநூல்களில் இருக்கிறது என்பதை நம் பள்ளிக்கூடங்கள் இன்னும் சத்தமாகச் சொல்லலாம்.

படிகங்களுக்கு இடையில் ஒழுங்கில்லாத பகுதி. அங்கே சங்கிலிகள் கோணல்மாணலாக, ஆனால் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பிடித்தபடி கிடக்கின்றன. சிறிய இழுப்பில் பிணைப்புகள் வளைந்துகொடுத்துத் திரும்பும். 2 சதவீதத்துக்கு மேல் அவை விட்டுவிடும். சங்கிலிகள் பிரிந்து நீண்டு, போன இடத்தில் புதிய பிணைப்புகளைப் போட்டுக்கொள்ளும். புது இடத்தில் குடியேறிவிட்டதால் திரும்பி வருவதற்குக் காரணம் இல்லை. இரவெல்லாம் இழுபட்டுக் கிடக்கும் பாவிலும் இதே குடிபெயர்ச்சிதான் மிக மெதுவாக நடக்கிறது.

தண்ணீர் இந்தப் பிணைப்புகளுக்குள் புகுந்து விலக்கிவிடும் குணமுள்ளது. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது பட்டு தன் உலர் எடையில் 11 சதவீதம் நீரை உறிஞ்சி வைத்திருக்கும். மழை நாளில் பாவு வேறு மாதிரி நடந்துகொள்வதற்கும், தறியைக் குழியில் வைத்ததில் தரையின் ஈரம் நூலுக்கு உதவுவதற்கும் இதுதான் காரணம். இந்த ஈரத்துக்கு இந்த அத்தியாயத்தின் கடைசியில் இன்னொரு வேலை இருக்கிறது.

இப்போது ரப்பர். நெய்து முடித்த புடவைக் கட்டையோ முறுக்குப் பட்டு மூட்டையையோ மொபெட்டின் கேரியரில் வைத்து, பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிய பட்டையால் இழுத்துக் கட்டுவது நம் ஊர் வழக்கம். இரு மடங்கு இழுத்தாலும் அது திரும்பும். பட்டு 2 சதவீதத்தில் திணறுகிற இடத்தில் இது 100 சதவீதத்தை அலட்சியமாகத் தாண்டுகிறது.

ஒரு ரப்பர் பேண்டை எடுத்து மேலுதட்டில் ஒட்டினாற்போல் வைத்து, சட்டென்று இழுத்துப் பாருங்கள். இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே கொஞ்சம் பொறுத்திருந்து, சட்டென்று தளர்த்தி உதட்டில் வைத்தால் குளிரும். இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் கஃப் இதைக் கண்டுபிடித்து 1805இல் எழுதினார். சிறுவயதிலேயே அம்மையில் பார்வை இழந்தவர் அவர். கண்ணால் பார்க்கக் கூடிய எவரும் உதட்டால் அளக்க யோசித்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எடை தொங்கும் ரப்பரைச் சூடாக்கினால் நீளாமல் சுருங்குகிறது என்பதையும் அவர்தான் கவனித்தார். இரும்புக் கம்பி சூட்டில் நீளும், ரப்பர் தலைகீழ். ஜேம்ஸ் ஜூல் 1859இல் இதைத் துல்லியமாக அளந்து உறுதி செய்தார்.

இதற்கு விளக்கம் வர 20ஆம் நூற்றாண்டு ஆனது. ரப்பரும் நீண்ட சங்கிலி மூலக்கூறுதான், ஆனால் சங்கிலிகளுக்கு இடையில் பிடிப்பு மிகக் குறைவு. அறை வெப்பத்தில் ஒவ்வொரு சங்கிலியும் ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கிறது. சுருண்டு கிடக்க அதற்குக் கோடானுகோடி வழிகள். நேராக நிற்க ஒரே ஒரு வழி. கையால் இழுத்து நேராக்கினால், விட்ட கணமே அது தன் பல்லாயிரம் சுருள்களில் ஏதோ ஒன்றுக்குத் திரும்பிவிடும். எந்தச் சுருள் என்பது அதற்கு முக்கியமில்லை. சூடாக்கினால் நெளிவு கூடும், திரும்ப இழுக்கும் விசையும் கூடும். கஃப் பார்த்த சுருக்கம் இதுதான்.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. சங்கிலிகளுக்குள் பிடிப்பே இல்லையென்றால், இழுத்துப் பிடித்திருக்கும்போது அவை ஒன்றையொன்று தாண்டி நழுவிவிடுமே? நழுவத்தான் செய்யும். பதப்படுத்தாத ரப்பரை இழுத்து வைத்தால் முழுதாகத் திரும்பாது, வெயிலில் பிசுபிசுக்கும். சார்லஸ் குட்இயர் 1839இல் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கியதும் அது நின்றது. கந்தகம் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே அங்கங்கே முடிச்சு போட்டுவிட்டது. முடிச்சுக்கு நடுவே எவ்வளவு வேண்டுமானாலும் நெளியலாம், முடிச்சைத் தாண்டி நழுவ முடியாது. மூன்றாவது கணக்கு கிட்டத்தட்ட பூச்சியமாகிவிட்டது.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. கந்தக முடிச்சு போட்ட ரப்பரை மறுபடி உருக்க முடியாது. அதனால்தான் பழைய டயர் மலைபோல் குவிகிறது. பழைய டியூபை வெட்டிக் கட்டலாம். உருக்கிப் புது டியூப் வார்க்க முடியாது.

உருக்கி வார்க்க முடிந்தது பிளாஸ்டிக். காலி பால் பாக்கெட்டைக் கழுவி, கத்தரியால் விரலகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள். முதலில் ஒன்றும் ஆகாது. பிறகு ஓரிடத்தில் மட்டும் பட்டை ஒடுங்கி இடுப்பு விழும். மேலும் இழுத்தால் அந்த இடுப்பு மேலும் ஒடுங்காது. பக்கத்து இடத்தைத் தனக்குள் இழுத்துக்கொண்டு நீளமாகப் பரவும். விட்டால் அப்படியே நிற்கும். பாலித்தீனில் சங்கிலிகள் மடிந்து மடிந்து தட்டுப் படிகங்களாக அடுக்கியிருக்கின்றன. இழுக்கும்போது அந்தத் தட்டுகள் சாய்ந்து, உடைந்து, சங்கிலிகள் மடிப்பவிழ்ந்து இழைகளாகப் புதிய படிகத்தில் அடுக்கிக்கொள்கின்றன. நீண்ட பட்டையைக் கொதிநீரில் போட்டால் ஓரளவு சுருங்கும். திரும்பிப் போகும் விருப்பம் அதற்கும் இருந்திருக்கிறது. குளிரில் வழி அடைபட்டுக் கிடந்திருக்கிறது.

ஆக, ரப்பர் திரும்பும், உருகாது. பிளாஸ்டிக் உருகும், திரும்பாது. இரண்டையும் கலந்தால்? எவருக்கும் தோன்றுகிற யோசனைதான். ஆனால் பாலிமர்கள் கலப்பதில்லை. சர்க்கரை தண்ணீரில் கரைவதற்கு முக்கியமான காரணம், சிறு மூலக்கூறுகள் கலந்து சிதறக் கணக்கற்ற வழிகள் இருப்பது. ஆயிரக்கணக்கான கண்ணிகள் கொண்ட சங்கிலிகளுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. ஒரு கண்ணி போனால் எல்லாம் கூடவே போக வேண்டும். ஃப்ளோரியும் ஹக்கின்ஸும் 1940களின் தொடக்கத்தில் தனித்தனியாக இதற்குக் கணக்குப் போட்டார்கள். பெரும்பாலான கலவைகளில் ஒன்று கடலாகவும் மற்றது அதில் தீவுகளாகவும் பிரிந்துதான் நிற்கும்.

பிரிந்து நின்றாலும் பயனில்லாமல் போவதில்லை. நம் வீட்டு வாசலில் கிடக்கும் ஹவாய் செருப்பின் அடிப்பலகையே ரப்பர், பிளாஸ்டிக் கலவைதான். ரப்பரோடு ஸ்டைரீன் மிகுந்த பிசினைச் சேர்த்து, நுண்குமிழிகள் வர நுரைக்கச் செய்கிறார்கள். ரப்பர் மட்டும் என்றால் கொழகொழவென்றிருக்கும். பிசின் அதற்கு விறைப்பைக் கொடுக்கிறது. இரண்டு வருடம் போட்ட செருப்பைத் திருப்பிப் பாருங்கள். குதிகால் விழும் இடத்தில் குழி இருக்கும். ஒரு வாரம் போடாமல் வைத்தாலும் அது நிரம்பாது. அது மூன்றாவது கணக்கு. ஆரணி இருக்கும் அதே திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாறு சிப்காட்டில், விளையாட்டுக் காலணி ஆலைகளுக்கு விடியற்காலையில் கம்பெனி பஸ்களில் போகும் பெண்கள் பலர். அந்த ஷூக்களின் நடு அடுக்கில் இருப்பது பெரும்பாலும் ஈ.வி.ஏ. நுரை. எத்திலீன் தொடர்கள் படிகமாக அடுக்கிக்கொள்ளப் பார்க்கும். நடுநடுவே வரும் வினைல் அசிடேட் அதைக் கலைத்து ரப்பர்த்தனம் கொடுக்கும். ஒரே சங்கிலிக்குள் பிளாஸ்டிக்கும் ரப்பரும் மல்லுக்கு நிற்கும் பொருள் அது.

கலவைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கை உருக்கி, அதில் இ.பி.டி.எம். என்னும் ரப்பரைப் போட்டுக் கடைகிறார்கள். கடைந்துகொண்டிருக்கும்போதே முடிச்சு போடும் வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். ரப்பர் இறுகிக்கொண்டே வர, கடையும் விசை அதைத் துண்டு துண்டாக்குகிறது. கடைசியில் ஒன்றிரண்டு மைக்ரான் அளவுள்ள, நன்றாக முடிச்சிட்ட ரப்பர் உருண்டைகளும், அவற்றுக்கு நடுவே பிளாஸ்டிக்கும் மிஞ்சுகின்றன. 1962இல் கெஸ்லர் என்பவர் பெற்ற காப்புரிமையில் இந்த எண்ணம் இருக்கிறது. மான்சான்டோ நிறுவனத்தில் கோரனும் படேலும் 1970களின் பின்பகுதியில் இதை ஒழுங்காக வளர்த்தெடுத்தார்கள். 1981இல் சான்டோப்ரீன் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. கார் சன்னல் ஓரத்தில் மழைநீரைத் தடுக்கும் கறுப்புப் பட்டை, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியின் மெத்தென்ற உறை என்று பல இடங்களில் இந்த வகைப் பொருளைத் தொட்டிருப்பீர்கள். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் எஸ். கே. டேயும் அனில் பௌமிக்கும் இத்தகைய ரப்பர், பிளாஸ்டிக் கலவைகளில் நெடுங்காலம் உழைத்தவர்கள். இருவரும் தொகுத்த நூல் 1990இல் வெளிவந்தது.

இதன் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டுமானால், கார்த்திகை தீபத்தன்று வீட்டில் பிடிக்கும் பொரி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். உருண்டையில் பெரும்பங்கு பொரி. ஆனால் ஒரு பொரி இன்னொன்றோடு நேராக ஒட்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் நடுவே மெல்லியதாக ஓடி, அறுபடாமல் முழு உருண்டையையும் பிடித்திருப்பது வெல்லப்பாகு. இரண்டு பொரி நெருங்கும் இடத்தில் பாகு படலமாக இருக்கும். மூன்று நான்கு பொரிகள் கூடும் சந்தில் திரளையாகத் தேங்கியிருக்கும். பொரிக்குப் பதில் ரப்பர், பாகுக்குப் பதில் பிளாஸ்டிக். ரப்பர் 60, 70 சதவீதம் இருந்தாலும் அது தீவு. 30 சதவீதமே உள்ள பிளாஸ்டிக்தான் கடல். சூடாக்கினால் கடல் உருகும், தீவுகள் நகரும், மறுபடி வார்க்கலாம். இது சரி.

இங்கேதான் புதிர். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடுவது பிளாஸ்டிக் என்றால், இழுக்கும்போது பிளாஸ்டிக் நீண்டே ஆக வேண்டும். பால் பாக்கெட்டில் பார்த்ததுபோல் நீண்ட பிளாஸ்டிக் திரும்பாது. ஆனால் இந்தக் கலவையை இரண்டு மடங்கு இழுத்துவிட்டால் கிட்டத்தட்ட முழுதும் திரும்பிவிடுகிறது. சோதனைக்கூட வழக்கப்படி, இரு மடங்காக இழுத்துப் பத்து நிமிடம் பிடித்து வைத்து, விட்டுவிட்டு மேலும் பத்து நிமிடம் பொறுத்து அளப்பார்கள். மென்மையான வகைகளில் நீண்டதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் மிச்சம் நிற்கும். திரும்பாத பொருளில் கட்டிய கட்டடம் எப்படித் திரும்புகிறது?

டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் கிகுச்சி, இனோவே குழு 1991இல் கணினியில் இதைக் கணக்கிட்டுப் பார்த்தது. கலவையை இழுக்கும்போது பிளாஸ்டிக் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீள்வதில்லை. ரப்பர் உருண்டையின் இடுப்பை ஒட்டிப் போகும் மெல்லிய படலம் எளிதில் எல்லை தாண்டி நீண்டுவிடுகிறது. ஆனால் இழுக்கும் திசையில் ஓர் உருண்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக், மற்ற எல்லாம் எல்லை தாண்டிய பிறகும், மீள்கிற நிலையிலேயே காப்பாற்றப்படுகிறது. அது உருண்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைக்கும் பசையாக வேலை செய்கிறது. அதாவது இழுபடும்போது பிளாஸ்டிக் கடல் தன் அதிகாரத்தை இழந்து, ரப்பர் தீவுகள் சங்கிலித்தொடராகிப் பாரத்தை ஏற்றுக்கொள்கின்றன.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் மேரி பாய்ஸும் அவர் குழுவும் 2001இல் இன்னும் ஒரு படி போனார்கள். படலங்களின் தடிமன் ஒரே மாதிரி இருக்காது. எது மிக மெல்லியதோ அது முதலில் விட்டுக்கொடுக்கும். அது விட்டுக்கொடுத்ததால் அக்கம்பக்கத்துத் தடித்த சந்துகளுக்குப் பாரம் குறைகிறது, அவை கெடாமல் தப்புகின்றன. கையை விட்டதும், உள்ளே நீண்டு கிடக்கும் ரப்பர் உருண்டைகள் சுருங்கப் பார்க்கும். நீண்டுவிட்ட பிளாஸ்டிக் படலம் தானாகத் திரும்பாது. ஆனால் அது மெல்லியது. மெல்லியதைச் சுருக்கத்தான் முடியாது, மடிக்க முடியும். ரப்பர் அதை வளைத்து, நெளித்து, மடித்துத் தன்னோடு இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. 2002இல் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் நைலான், ரப்பர் கலவையை இழுத்தபடியும் விட்ட பிறகும் அணுவிசை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மெல்லிய இடங்கள் நீண்டும், தடித்த சந்துகள் ஏறக்குறைய பழைய வடிவத்திலும் இருந்தன. விட்ட பிறகு நைலான் படலங்கள் வளைந்து நெளிந்து கிடந்தன.

ஆக, இந்தப் பிளாஸ்டிக் உண்மையில் திரும்பவில்லை. வெளியே பார்ப்பவருக்குத் திரும்பியதுபோல் தெரிகிறது; உள்ளே அது நீண்டபடியே மடிந்து கிடக்கிறது. மிச்சம் நிற்கும் அந்தப் பத்தில் ஒரு பங்கு, மடியாமல் அடம்பிடித்த பிளாஸ்டிக்கும் அதற்கு எதிராக இழுத்து ஓய்ந்த ரப்பரும் செய்துகொண்ட சமரசம். ரப்பர் உருண்டை பெரிதானால் நடுவே உள்ள படலமும் தடிக்கும், மடிக்க முடியாது, திரும்பும் பங்கு குறையும். கோரனும் படேலும் உருண்டையைச் சிறிதாக்கச் சிறிதாக்கத் தரம் கூடுவதைக் கண்டதற்கு இதுவும் ஒரு காரணம். கலவையில் எது எத்தனை சதவீதம் என்று கேட்பது பாதிக் கேள்விதான். எவ்வளவு மெல்லியதாகப் பரவியிருக்கிறது என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

இன்னொரு விசித்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். புது பலூனை முதல் தடவை ஊதத் தம் கட்ட வேண்டும். காற்றை விட்டு மறுபடி ஊதினால் லேசாக இருக்கும். முதல் இழுப்பில் உள்ளே சில பிடிப்புகள் விட்டுவிடுகின்றன, அடுத்த முறை அவை எதிர்க்க இருப்பதில்லை. ரப்பரில் இதை 1940களில் விரிவாக ஆராய்ந்த லெனார்ட் முல்லின்ஸ் பெயரால் இது முல்லின்ஸ் விளைவு எனப்படுகிறது. நாம் பார்த்த கலவையிலும் இதே கதை: முதல் இழுப்பில் மெல்லிய படலங்கள் எல்லை தாண்டிவிட்டன, இரண்டாம் இழுப்பில் மடிந்ததை விரித்தால் போதும்.

இப்போது பட்டுப்புடவைக்குப் பொருத்தமாகக் கடையில் தொங்கும் ரெடிமேட் ஸ்ட்ரெச் பிளவுஸுக்கு வரலாம். அதில் இருக்கும் ஸ்பான்டெக்ஸ் நூல் டுபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் 1950களின் கடைசியில் உருவாக்கியது. இங்கே கடைவதும் இல்லை, தீவு கடல் தகராறும் இல்லை. ஒரே சங்கிலியில் ஒரு துண்டு இளக்கமானது, அடுத்த துண்டு விறைப்பானது, மறுபடி இளக்கமானது என்று மாற்றி மாற்றிக் கோத்துவிட்டார்கள். விறைத்த துண்டுகள் ஒன்றுகூடி முடிச்சாகின்றன, கந்தகம் தேவையில்லை. இளக்கமான துண்டுகள் ரப்பரின் வேலையைச் செய்கின்றன. செருப்பு அடிப்பாகத்திலும் தார்ச்சாலைக் கலவையிலும் சேரும் எஸ்.பி.எஸ். என்ற பொருளும் இதே திட்டம். ஷெல் நிறுவனம் 1965இல் கிராடன் என்ற பெயரில் கொண்டுவந்தது.

விறைத்த துண்டு, இளகிய துண்டு, ஒரே சங்கிலி. இதே திட்டத்தில் பட்டுப்புழு எத்தனையோ லட்சம் வருடங்களாக நூல் நூற்கிறது. அப்படியானால் பட்டு ஏன் ஸ்பான்டெக்ஸ் மாதிரி ஐந்து மடங்கு நீள்வதில்லை? பட்டின் இளகிய பகுதி அறை வெப்பத்தில் இளகியதே இல்லை என்பதுதான் பதில். நீரே இல்லாத உலர்ந்த பட்டில் அந்தப் பகுதி நெளியத் தொடங்க 170 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அதுவரை அது கண்ணாடி நிலையில் உறைந்து கிடக்கும். நீர் புகுந்தால் அந்த வெப்பநிலை மளமளவென்று கீழே இறங்கும். நனைந்த பட்டு கொஞ்சம் ரப்பராகிறது. நெய்யும்போது இழுபட்டு, புது இடத்தில் உறைந்துபோன சங்கிலிகளுக்கு விடுதலை கிடைக்கிறது. மூன்றாவது கணக்கில் எழுதி முடித்ததாக நினைத்த நீட்சி இரண்டாவது கணக்குக்கு மாறி, துணி சுருங்குகிறது.

புடவை முழுவதும் வெறும் பட்டாக மட்டும் இருந்திருந்தால் இதில் பெரிய பாதகமில்லை, சீராகச் சுருங்கியிருக்கும். ஆனால் ஆரணிப் புடவையின் பார்டரில் சரிகை இருக்கிறது. அசல் சரிகை என்பது பட்டு நூலைச் சுற்றி வெள்ளித் தகட்டை முறுக்கி, மேலே தங்க முலாம் பூசியது. வெள்ளிக்கு ஈரத்தால் எதுவும் ஆவதில்லை; ஒருமுறை மடிந்த தகடு தானாக நிமிர்வதும் இல்லை. விலை குறைந்த புடவைகளில் வரும் பாலியெஸ்டர் சரிகையோ, பட்டு 11 சதவீதம் நீர் குடிக்கும் இடத்தில் அரை சதவீதம்கூடக் குடிக்காது. பட்டு சுருங்க, சரிகை சுருங்க மறுக்க, பார்டர் நெளிந்து குழைந்துவிடுகிறது. வீட்டில் முதல் தடவை தண்ணீரில் அலசி எடுத்த பட்டுப்புடவையின் ஓரம் அலையலையாக நிற்பதற்கு நெசவைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு வேறு கணக்குப் பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைரியமாக நனைத்தது நாம்தான்.

அதனால் சரிகை போட்ட புடவைக்கு டிரை கிளீனிங்தான் சரி. ஹேங்கரில் மாதக்கணக்கில் தொங்கவிடாதீர்கள். அதன் சொந்த எடையே இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கும். பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கையாக வையுங்கள், சில மாதத்துக்கொருமுறை பிரித்து, பழைய மடிப்பு விழுந்த இடத்தைத் தவிர்த்து வேறு இடத்தில் மடியுங்கள். ஸ்ட்ரெச் பிளவுஸுக்குச் சூடான இஸ்திரி வேண்டாம், பிளீச்சிங் தூளும் வேண்டாம். இரண்டும் அந்த நூலின் திரும்பும் சக்தியைக் கெடுத்துவிடும்.